காதால் படிக்கும் நரம்பியல்

இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் திரும்பும் பயிற்சி மருத்துவருக்குத் தடிப் புத்தகம் மண்டையில் ஏறாது. 15 நிமிட பாட்காஸ்ட் ஏறும். ஆனால் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டால் எதுவும் தங்காது. பாட்காஸ்ட்டில் ஒரு நோயாளியின் கதையும் பரிசோதனையும் சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். கோளாறு மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா? இடத்தை முடிவுசெய்து போனில் ஒரு வரி குறித்துவிட்டு மேலே கேளுங்கள். நோயின் பெயர் அப்புறம். உதாரணமாக, முகவாதம் என்றால், வாதம் வந்த பக்க நெற்றியைச் சுருக்க முடிகிறதா? முடிந்தால் பெரும்பாலும் மூளையில் கோளாறு. முடியாவிட்டால் பெரும்பாலும் முகநரம்பில். அன்றே வார்டில் அதே அறிகுறியுள்ள ஒருவரைப் பரிசோதித்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

பதிவான ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். பக்கவாதத்தில் பெரிய ரத்தக்குழாய் அடைப்பைக் கதீட்டர் வழியே அகற்ற 6 மணி நேரமே கெடு என்று பழைய பதிவுகள் சொல்லக்கூடும். 2018 முதல், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை செய்கிறார்கள்.

கண் அசைவு, நடை, நடுக்கம் மூன்றையும் வீடியோவில் பாருங்கள், காது போதாது. தொடங்குவதற்கு அமெரிக்க நரம்பியல் அகாடமியின் ‘நியூராலஜி பாட்காஸ்ட்’ நல்லது. வண்டி ஓட்டும்போது மட்டும் இயர்போன் வேண்டவே வேண்டாம்.