லிபரேட்டரும் ரிவெட்டும்: பழுதுபார்ப்பில் ஒரு பாடம்

போன லீவுல தாத்தாவைக் கூட்டிக்கிட்டு டெல்லி போயிருந்தேன். செங்கோட்டைக்கும் முன்னாடி அவர் பார்க்கணும்னு கேட்டது, பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தை. காரணம், அவரோட அப்பா தூத்துக்குடியில் தோணி பழுதுபார்த்துப் பழகினவர். பிறகு பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கச் சேர்ந்தார்.

விமானத்தின் கதை

இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கா 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களைத் தயாரித்தது. இறக்கையின் அகலம் 33.5 மீட்டர். நாலு எஞ்சின், ஒவ்வொன்றும் 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் ஆலையில் உச்சகட்டத்தில் மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது.

போர் முடிந்ததும், கான்பூரில் நின்றவற்றை மறுபடி பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948ல் சுதந்திர இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. கான்பூரில் பறக்கிற அளவுக்கு மட்டும் சரிசெய்து, ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முழு வேலையும் அங்கேதான் நடந்தது. அப்படி 40க்கும் மேற்பட்டவை உயிர் பெற்றன. 1968 வரை நம்ம விமானப்படையில் லிபரேட்டர் இருந்தது.

தகட்டை எப்படிச் சரிசெய்வது?

விமானத்தின் உடம்பு மெல்லிய அலுமினியத் தகடு. அதைத் தாங்குவது ரிவெட். பழுதுபார்ப்பின் அடிப்படை விதிகள் இவை:

1. முதலில் கண்ணால் பார். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் புகை மாதிரி கறை இருந்தால், அது தளர்ந்து உரசுகிறது என்று அர்த்தம்.

2. விரிசல் இருந்தால் அதன் நுனியில் சின்னத் துளை போடு. கூரான நுனியில்தான் தகைவு குவியும். வட்டத் துளை அதைப் பரப்பிவிடும்.

3. ஓட்டையை அப்படியே மூடாதே. ஓரத்தை வழவழப்பாக, மூலை இல்லாமல் வெட்டிவிட்டு ஒட்டுத் தகடு வை.

4. பழைய ரிவெட்டை எடுத்தபோது துளை பெரிசாகிவிட்டால், அடுத்த அளவு ரிவெட் போடு.

5. ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வெளியே ரிவெட் கன். இன்னொருத்தர் உள்ளே இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கணும்.

தோணியிலும் இதே ஒழுங்குதான்: உளுத்த பலகையை மட்டும் கழற்று, புதுசைப் பொருத்து, இடுக்கில் பஞ்சு திணி.

எனக்குக் கிடைத்த பாடம்

கேம்பஸ்ல எனக்குக் கிடைத்தது துறைமுக கிரேன் பராமரிப்பு வேலை. "மெயின்டனன்ஸா?"ன்னு ஃப்ரெண்ட் கேட்டப்ப பேச்சை மாத்திட்டேன். சாஃப்ட்வேர் வேலை கிடைக்காதவன் போற இடம்னுதான் நானும் நெனச்சேன்.

பாலத்தில் விமானத்துக்குள் ஏற முடியவில்லை. சுற்றித்தான் வந்தோம். தாத்தா ரொம்ப நேரம் ரிவெட் வரிசையையே பார்த்துக்கிட்டு நின்னார். "இதுல எங்கப்பா அடிச்சது எதுலே?"

"தெரியலையே தாத்தா."

"தெரியாதுல்லா. தெரிஞ்சா அவரு வேலை சரியில்லன்னு அர்த்தம்."

ஊருக்கு வந்ததும் ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போட்டுட்டேன்.

ஜூனியர்களுக்கு ஒரு பயிற்சி: அடுத்த தடவை டவுன் பஸ் ஏறும்போது பாடியில் இருக்கும் ரிவெட்டைப் பாருங்க. எதைச் சுற்றிக் கறுப்புக் கறை இருக்கு? ஏன் அந்த இடத்தில் மட்டும்? விடையை வகுப்பில் பேசலாம்.