கண் மருந்தும் கண்ணின் மேற்படலமும்

உறுப்புக்களுள் கண் தலையாயது என்பதை யாவரும் அறிவர். அக்கண்ணுக்கு இடும் மருந்தே கண்ணை வருத்துமாயின் நோயாளர் யாது செய்வர்? இவ்வினா என் பாட்டனாரால் எனக்கு எழுந்தது. கண்ணழுத்த நோய்க்காகப் பல்லாண்டு சொட்டுமருந்து இட்டுவந்த அவர், ஒருநாள், "நோய் எனக்கு ஒரு துன்பமும் செய்யவில்லை; மருந்துதான் கண்ணை எரிக்கிறது" என்று கூறிக் குப்பியை அப்பால் வைத்துவிட்டார். அவர் கூறியது மெய்; செய்தது தவறு. இவ்விரண்டையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கிளாக்கோமா எனப்படும் இந்நோயில், விழியினுள் ஊறும் நீர் வெளியேறும் வழி பெரும்பாலும் தடைப்பட்டு, உள்ளழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறிது சிறிதாகக் கெடும். பலர்க்கு வலி தோன்றுவதில்லை. கெட்ட நரம்போ மீண்டும் தளிர்ப்பதில்லை. ஆதலின் அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தை நாடோறும் இடவேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பைலோகார்ப்பின் வழக்கிற்கு வந்தது. டிமோலால் 1978-ஆம் ஆண்டிலும், லட்டானோபிராஸ்ட் 1996-ஆம் ஆண்டிலும் அமெரிக்க அரசின் இசைவு பெற்றன.

இனி, மருந்து விழும் இடத்தை நோக்குவோம். முன்புறத்தே கண்ணாடிபோல் தெளிந்தது கருவிழிப் படலம். வெண்விழியைப் போர்த்திருப்பது மெல்லிய இணைப்படலம். இவற்றின்மேல் எண்ணெய், நீர், சளிப்பொருள் ஆகிய மூன்றும் கூடிய கண்ணீர்ப் போர்வை பரந்துளது. இப்போர்வை கலைந்தால் கண் உலரும்.

திறந்த குப்பியிற் கிருமிகள் புகாதிருத்தற்பொருட்டுப் பல மருந்துகளிற் பென்சால்கோனியம் குளோரைடு என்னும் காப்புப்பொருளைச் சேர்ப்பர். அது சவர்க்காரத்தின் இயல்புடையது. கிருமிகளின் மேலுறையைக் கரைத்துக் கொல்லும். ஆயின் கிருமி யாது, கண்ணின் உயிரணு யாது என வேறுபாடறியாது. கண்ணீரின் எண்ணெய்ப் பகுதியைக் குலைத்து, சளிப்பொருள் சுரக்கும் உயிரணுக்களைக் குறைத்து, கருவிழி மேற்புறத்தின் உயிரணுப் பிணிப்பையும் தளர்த்தும். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவே. எரிச்சல், சிவப்பு, மணல் உறுத்துவதுபோன்ற உணர்ச்சி ஆகியன இதனால் எழும். பல்லாண்டு தொடரின் இணைப்படலம் அழன்று, பின்னர் அறுவை மருத்துவத்தால் நீர்வழி அமைப்பினும் அது தழும்பேறி அடைபடுதற்கு ஏதுவாகும்.

காப்புப்பொருள் ஒன்றே குற்றவாளி எனல் பொருந்தாது. லட்டானோபிராஸ்ட் போன்றவை தாமே கண்ணைச் சிவக்கச் செய்தலும், இமைமயிரை நீளச் செய்தலும் உண்டு.

இதற்கு வழி யாது? காப்புப்பொருள் கலவாத ஒருமுறைக் குப்பிகள் உள. இரு மருந்துகளை ஒன்றாக்கிய குப்பிகளும், தக்கார்க்கு லேசர் மருத்துவமும் உள. இவற்றுள் ஏற்றதைத் தெரிதல் மருத்துவர் கடன்; எரிச்சலை மறையாது அவர்க்கு உரைத்தல் நம் கடன்.

என் பாட்டனாரும் அவ்வாறே சென்று உரைத்தார்; மருந்து மாற்றப்பெற்றது. இப்பொழுது இரவுதோறும் தவறாது இடுகின்றார். எரிச்சல் மாற்றத்தக்கது, இழந்த பார்வை மீட்கத்தக்கதன்று. வருத்தும் நண்பனைத் திருத்திக்கொள்ளலாம். அவனை விலக்கி, ஓசையின்றி வரும் பகைவனுக்குக் கதவு திறத்தல் ஆகாது.