ஜி.டி.பி. – அளப்பது எதை? விடுவது எதை?

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



"நாட்டின் வளர்ச்சி இத்தனை சதவீதம்" என்று செய்தியில் வராத வாரமே இல்லை. ஏறினால் ஆளுங்கட்சி மார்தட்டும், இறங்கினால் எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும். அந்தச் சதவீதம் எதனுடையது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பொருளாதாரம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் முதல் நாளே நமக்குச் சொல்லித் தந்தது என்ன? ஒரு கருவியைக் கையில் எடுத்தால், அது எதை அளக்கும், எவ்வளவு நுணுக்கமாக அளக்கும் என்று முதலில் தெரிந்துகொள் என்பதுதானே! மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரை சொல்லும். ஆனால் அதை வைத்து எடை பார்க்க முடியாது. ஜி.டி.பி.யும் ஓர் அளவுகோல்தான். அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

ஜி.டி.பி. என்றால் என்ன?

தமிழில் மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஒரு நாட்டின் எல்லைக்குள், ஓர் ஆண்டிலோ ஒரு காலாண்டிலோ உற்பத்தியான இறுதிப் பொருட்கள், சேவைகள் அனைத்தின் பண மதிப்பு. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் உண்டு.

"இறுதி" என்பது ஏன்? எங்க பக்கத்து உதாரணமே சொல்கிறேன். விவசாயி பஞ்சை 40 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மில் அதை நூலாக்கி 60-க்கு விற்கிறது. நூல் துணியாகி 90 ரூபாய். துணி பனியனாகிக் கடையில் 150 ரூபாய். நான்கையும் கூட்டினால் 340. ஆனால் நாட்டுக்குக் கிடைத்தது 150 ரூபாய் பனியன் ஒன்றுதானே? பஞ்சின் விலை நூலிலும் துணியிலும் பனியனிலும் திரும்பத் திரும்ப ஏறியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதலாகச் சேர்ந்த மதிப்பை மட்டும் எடுக்கிறார்கள்: 40 + 20 + 30 + 60 = 150. கணக்கு நேராகிவிட்டது!

"உள்நாட்டு" என்பது ஏன்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர் கம்பெனியில் ஓடும் உற்பத்தி நம் ஜி.டி.பி.யில் சேரும். துபாயில் வெல்டிங் செய்யும் நம்ம ஊர் அண்ணனின் உழைப்பு அந்த நாட்டு ஜி.டி.பி.யில் சேரும்.

இதையே மூன்று வழியில் கணக்கிடலாம். உற்பத்தியில் சேர்ந்த மதிப்பைக் கூட்டலாம். கூலி, லாபம், வாடகை, வட்டி என்று வருமானத்தைக் கூட்டலாம். அல்லது மக்கள் செலவு, முதலீடு, அரசுச் செலவு மூன்றையும் கூட்டி, ஏற்றுமதியைச் சேர்த்து, இறக்குமதியைக் கழிக்கலாம். ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம் என்பதால் மூன்றும் ஒரே விடையைத் தர வேண்டும்.

இன்னொன்று விலைவாசி. கேன்டீனில் போன வருஷம் 100 டீ, ஒன்று 10 ரூபாய், மொத்தம் 1000. இந்த வருஷமும் 100 டீதான், விலை 12; மொத்தம் 1200. காகிதத்தில் 20 சதவீதம் வளர்ச்சி! ஆனால் ஒரு கிளாஸ் டீகூட அதிகம் போடவில்லை. இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் ஒரு அடிப்படை ஆண்டை வைத்து, அந்த ஆண்டு விலையிலேயே கணக்கிடுகிறார்கள். பேப்பரில் வரும் வளர்ச்சி விகிதம் பெரும்பாலும் இப்படி விலையேற்றம் நீக்கியதுதான்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது?

நம் நாட்டில் இதற்கு முன்னோடி தாதாபாய் நவரோஜி. 1867-68-ல் இந்தியருடைய தலா வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று மதிப்பிட்டு, வெள்ளைக்காரன் ஆட்சியில் நாடு வறுமையில் கிடக்கிறது என்பதை எண்ணாலேயே நிரூபித்தார். ஆக, எண் என்பது ஆள்பவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய ஆயுதம் அல்ல. 1931-32-க்கு வி.கே.ஆர்.வி. ராவ் விரிவான கணக்கெடுத்தார். சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது.

அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது, எவ்வளவு சரிந்தது என்று சொல்லவே சரியான கணக்கு இல்லை. சைமன் குஸ்நெட்ஸ் என்ற அறிஞர் 1934-ல் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். 1971-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். நாட்டு வருமானக் கணக்கை மட்டும் வைத்து மக்களின் நல்வாழ்வை எடைபோட முடியாது என்று அந்த அறிக்கையிலேயே அவர் எச்சரித்தார். கருவியைச் செய்தவரே அதன் எல்லையையும் எழுதி வைத்திருக்கிறார். படிக்காமல் விட்டது பின்னால் வந்தவர்கள்!

பலன் உண்டா? உண்டு!

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொரோனா ஊரடங்கு. அந்தக் காலாண்டில் இந்திய ஜி.டி.பி. 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. எங்க அப்பா விசைத்தறித் தொழிலாளி. அந்த நாட்களில் எங்க தெருவில் தறிச் சத்தமே இல்லை, கூலியும் இல்லை. வீட்டில் நாங்கள் கண்டதை அந்த எண் நாடு முழுவதற்குமாகச் சொன்னது. வேலை, கூலி, வரி வசூல் எல்லாம் இந்த எண்ணோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. எனவே ஜி.டி.பி. பொய் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது சொல்வது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. எங்கே விடுகிறது என்று பார்ப்போம்.

1. கறந்தால் உண்டு, காய்ச்சினால் இல்லை!

எங்க அம்மா விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து இரண்டு மாடு கறப்பார். சொசைட்டிக்கு ஊற்றும் பால் ஜி.டி.பி.யில் சேரும். வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் அரை லிட்டரும் மதிப்புப் போட்டுச் சேர்க்கப்படும். ஏன், சாணிக்குக்கூட நம் தேசியக் கணக்கில் இடம் உண்டு! ஆனால் அதே அம்மா அந்தப் பாலைக் காய்ச்சினால், சோறாக்கினால், துணி துவைத்தால், படுக்கையில் கிடக்கும் பாட்டியைக் குளிப்பாட்டினால் எதுவும் கணக்கில் கிடையாது. அவரே ஒரு மெஸ்ஸில் சம்பளத்துக்குச் சமைத்தால் உடனே கணக்கில் வந்துவிடும். அடுப்பும் கையும் அதே. மாறியது சம்பளம் மட்டும்.

இதற்குக் காரணமும் சொல்கிறார்கள். விலை இல்லாத வேலைக்கு எந்த விலை போடுவது? சமையல்காரர் கூலியா, நர்ஸ் கூலியா? நியாயமான சிக்கல்தான். ஆனால் விட்டுப்போவது சின்னத் தொகை இல்லை தோழர்களே. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்களோ 88 நிமிடம்! கிட்டத்தட்ட ஐந்து மணி நேர உழைப்பு, தினம் தினம், கோடிக்கணக்கான வீடுகளில்.

கணக்கில் வராதது கண்ணிலும் படாமல் போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்கள் "வேலை செய்யாதோர்" பட்டியலில் போனார்கள். நான் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டபோது "தாயின் தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். உதவிக்கு இருந்தவர் "சும்மா இருக்காங்கன்னு போடுப்பா" என்றார். சும்மாவா? அப்பா தறிக்குப் போனதும் நான் பாலிடெக்னிக்குக்கு வந்ததும் அந்த "சும்மா"வை நம்பித்தானே! தமிழக அரசு 2023-ல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது, இந்த ஊதியமில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்றே சொன்னது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தொகையும் ஜி.டி.பி.யில் நேராகச் சேராது. அது உற்பத்திக்கான விலை இல்லை, கைமாறும் உதவி என்பது விதி. நம்ம ஸ்காலர்ஷிப்புக்கும் அதே கதிதான்.

2. தறிக்குத் தேய்மானம் உண்டு, ஆற்றுக்கு?

மேலே சொன்ன பனியனுக்கு மீண்டும் வருவோம். துணிக்குச் சாயம் போட வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக வந்தது. தேங்கியதோ சாயத் தண்ணீர். அணையைத் திற என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்று போராடும் நிலை வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில், கழிவே வெளியேறாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் ஜி.டி.பி. எதைப் பார்த்தது? ஏற்றுமதியான பனியனைக் கூட்டியது. பயிர் போன பிறகு குறைந்த விளைச்சலையும் பார்த்தது. ஆனால் ஆறு கெட்டதை ஒரு பைசாகூடக் கழிக்கவில்லை. கிணற்றில் சும்மா சேந்திக் குடித்த நல்ல தண்ணீர் போய், கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினால் அது ஜி.டி.பி.க்கு வரவு! வியாதி வந்து மாத்திரை வாங்கினால் அதுவும் வரவு!

"மொத்த" என்ற சொல்லின் பொருள் இங்கேதான் விளங்கும். மெஷின் தேய்மானத்தைக்கூடக் கழிக்காதது மொத்த உற்பத்தி. அதைக் கழித்தால் நிகர உற்பத்தி. லேத்துக்கும் தறிக்கும் இப்படித் தேய்மானம் போடலாம். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் யார் போடுவது? 2025-ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய முறையில், தோண்டித் தீர்க்கும் கனிமம் போன்ற இயற்கை வளத்தின் குறைவை நிகர உற்பத்தியில் கழிக்க வழி செய்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் ஆறு அழுக்காவது வேறு சங்கதி. அதற்கு இன்னும் கழித்தல் குறி வரவில்லை.

பட்டறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடியபோது வேலை இழந்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். வரவு எழுதும் நோட்டில் செலவையும் எழுது என்கிறேன், அவ்வளவே.

3. சராசரிக்குள் யார் இருக்கிறார்?

2023-24-ல் இந்திய ஜி.டி.பி. ஏறத்தாழ 300 லட்சம் கோடி ரூபாய் என்று வைப்போம். மக்கள் சுமார் 140 கோடி. வகுத்தால் தலைக்கு 2 லட்சத்துக்கும் மேல். நாலு பேர் குடும்பத்துக்கு எட்டு லட்சத்துக்கும் அதிகம்! இதில் கம்பெனி லாபம், வரி, தேய்மானம் எல்லாம் அடங்கும். அப்படியே கைக்கு வரும் பணம் இல்லை என்பது சரிதான். இருந்தாலும் நம்ம வகுப்பில் எத்தனை வீட்டில் இதில் பாதி வருகிறது? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். ஒருவன் 100 மார்க், நாலு பேர் 25 மார்க் என்றால் சராசரி 40. பாஸ் மார்க் தாண்டியாச்சு! ஆனால் பாஸ் ஆனது ஒருத்தன்தான். மொத்தம் எவ்வளவு என்று ஜி.டி.பி. சொல்லும், யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்று சொல்லாது.

வேறு வழி என்ன?

1990-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டது. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்க, நம் நாட்டு அமர்த்தியா சென் துணை நின்றார். வருமானத்தோடு ஆயுளையும் படிப்பையும் சேர்த்துப் பார்ப்பது இது. ஸ்டிக்லிட்ஸ், சென், ஃபிட்டூசி ஆகியோரை வைத்து பிரான்ஸ் அரசு அமைத்த குழு 2009-ல் தந்த அறிக்கையும், ஒரே எண்ணை நம்பாதே, பல அளவுகளைச் சேர்த்துப் பார் என்றே சொன்னது.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பாய்லரில் பிரஷர் கேஜ் இருக்கிறது, வாட்டர் லெவல் இண்டிகேட்டரும் இருக்கிறது. பிரஷர் நன்றாக ஏறுகிறதே என்று அதை மட்டும் பார்த்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் மட்டம் இறங்குவதைக் கவனிக்காதவன் கையில் பாய்லரைக் கொடுப்பார்களா? அதற்காக பிரஷர் கேஜைக் கழற்றி எறியவும் கூடாது. இரண்டும் வேண்டும்.

தோழர்களே! நாளை நாம் சூப்பர்வைசராகவும், சிலர் சொந்தப் பட்டறை முதலாளியாகவும் ஆகப் போகிறோம். அந்த உற்பத்தியைப் பெருக்கப் போகும் கைகள் நம்முடையவை. அடுத்த முறை "வளர்ச்சி இத்தனை சதவீதம்" என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இந்த வளர்ச்சி யார் கைக்குப் போனது?
2. இதற்காக எந்த ஆறு, எந்தக் கிணறு, எவருடைய உடம்பு தேய்ந்தது?
3. இதைத் தாங்கி நின்ற சம்பளமில்லா உழைப்பு யாருடையது?

பதில் கிடைக்கும் வரை கேட்போம். நவரோஜி காலத்திலிருந்தே எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்ட நாடு இது!