பிளக்கைச் செருகும் முன்

திருப்பதியில் ஓர் அம்மா. முதியோர் கல்வி மையத்தில் படிக்கக் கற்றவர். அவருடைய மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். வீட்டில் இன்டர்நெட் நன்றாக வந்தால் தினமும் முகம் பார்த்துப் பேசலாம் என்று அவனுக்கு ஆசை. ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு வைஃபை பெட்டியைக் கொடுத்து அனுப்பினான்.

பெட்டியோடு ஓர் அடாப்டரும் இருந்தது. அதில் இரண்டு தட்டையான பின்கள். நம் ஊர்ப் பின்கள் உருண்டையானவை.

சித்தூரில் இருந்து தங்கை வந்திருந்தாள். "கடையிலே பின் மாத்துற பிளக் விக்குது அக்கா. வாங்கிச் செருகிடலாம்" என்றாள்.

அம்மா அவசரப்படவில்லை. அடாப்டரின் மேல் பொடி எழுத்துகள் இருந்தன. கண்ணாடி போட்டுக்கொண்டு எண்களைப் படித்தார். 120 என்று இருந்தது. தன் செல்போன் சார்ஜரையும் எடுத்துப் பார்த்தார். அதில் 100-240 என்று இருந்தது. ஏன் இந்த வித்தியாசம்? இருவரும் எலக்ட்ரீஷியன் தம்பியிடம் போனார்கள்.

"நல்ல வேளை, நீங்க செருகலை!" என்றார் அவர். "அமெரிக்காவிலே வீட்டுக்கு வர்றது 120 வோல்ட். நம்ம நாட்டிலே 230 வோல்ட். வோல்ட்டுங்கறது தண்ணீர்க் குழாயிலே இருக்கிற அழுத்தம் மாதிரி. அழுத்தம் தாங்காத குழாய் வெடிச்சிடும். இந்த அடாப்டர் சூடாகிக் கருகிடும். தீப்பிடிச்சாலும் பிடிக்கும்."

"பின் மாத்துற பிளக் போட்டா?" என்று கேட்டாள் தங்கை.

"அது பின்னைத்தான் மாத்தும் அக்கா. வோல்ட்டை மாத்தாது."

"அப்போ பெட்டி வீணா?" என்றார் அம்மா.

"இல்லை. பெட்டிக்குத் தேவை 12 வோல்ட்தான். 230ஐ 12ஆகக் குறைக்கிற அடாப்டர் இங்கேயே கிடைக்கும். பழைய அடாப்டரைக் கையோடு கொண்டு போங்க. வோல்ட் அதே அளவு இருக்கணும். ஆம்பியர் குறையக் கூடாது. பெட்டியிலே செருகுற முனையும், அதன் பிளஸ், மைனஸ் குறியும் ஒத்துப் போகணும்."

தங்கை அடுத்த மாதம் குவைத்துக்கு வேலைக்குப் போகிறாள். "என் சார்ஜர் அங்கே ஆகுமா தம்பி?" என்று கேட்டாள்.

"அங்கே 240 வோல்ட். உங்க சார்ஜர்லே 100-240 இருந்தா பயமில்லை. ஆனா அங்கே மூணு தட்டைப் பின். உங்களுக்குப் பின் மாத்துற பிளக் போதும்."

அன்று மாலை புது அடாப்டர் வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மகனின் முகம் செல்போனில் தெரிந்தது. "எண்ணைப் படிச்சேன்டா, பெட்டி பிழைச்சுது" என்றார் அம்மா.

நினைவில் வைப்போம்

• 'இன்புட்' என்பது உள்ளே போகும் மின்சாரம். 'அவுட்புட்' என்பது வெளியே வரும் மின்சாரம்.
• இன்புட் 100-240 வோல்ட் என்றால் இந்தியா, குவைத், அமெரிக்கா எங்கும் ஆகும்.
• 120 மட்டும் இருந்தால் நம் ஊரில் செருகக் கூடாது.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் உள்ள சார்ஜரைப் பிளக்கில் இருந்து எடுங்கள். அதில் உள்ள எண்களைப் படித்து நோட்டில் எழுதுங்கள். அது எந்தெந்த நாட்டில் ஆகும்?