விக்கிரவாண்டியில் நிற்கும் வரிசை

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போகையில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு வெகு முன்பே வண்டிகள் நின்றுவிடுகின்றன. இதற்குக் கணக்கு உண்டா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: உண்டு. 1955-ல் லைட்ஹில், விதம் என்ற கணித அறிஞர்கள் இருவரும் தந்த முதல் வரிசைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு அது. சாலையில் வண்டிகளின் நெருக்கம்தான் அதன் மாறி. சாவடி எத்தனை வண்டிகளை விடும் என்பது எல்லை நிபந்தனை. விழுப்புரம் நோக்கி வருபவை அதை மிஞ்சினால் ஓர் அதிர்ச்சி அலை பிறந்து திண்டிவனம் பக்கம் நகரும். பிரேக் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி எரிவது அந்த அலைதான்.

நுட்பம் எல்லையில் இருக்கிறது. அங்கே நினைத்த மதிப்பைத் திணிக்க முடியாது. சாலை காலியாக இருந்தால் சாவடியின் வரம்புக்கு வேலையே இல்லை. இத்தகைய குவிவுச் சமன்பாடுகளுக்கு (நெருக்கத்துக்கு எதிரான ஓட்டத்தின் வரைகோடு ஒரே பக்கமாக வளைபவை), எல்லையையும் சேர்த்து, வெளிப்படையான தீர்வுச் சூத்திரத்தை 1991-ல் தந்தவர்கள் நம் நாட்டின் கே.டி. ஜோசப், ஜி.டி. வீரப்ப கௌடா. அருமையான வேலை. கணிதம் படிக்கும் பிள்ளைகள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.