நெடுஞ்சாலைத் தோழர்கள்



தீபாவளி விடுமுறைக்குப் பாட்டி வீடு நோக்கி ஒரு குடும்பம் காரில் செல்கிறது எனக் கொள்வோம். நடுவழியில் டயர் வெடித்துவிடுகிறது. தந்தையார் வண்டியை இடப்புறமுள்ள அவசரத் தடத்தில் நிறுத்துகிறார். பிள்ளைகள் காற்று வாங்கக் கீழே இறங்கி நிற்கின்றனர். தந்தையார் சாலையோரம் குனிந்து டயரைக் கழற்ற முற்படுகிறார். வண்டி நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்பது அவர்களின் எண்ணம். உண்மையில் ஆபத்து அப்பொழுதுதான் தொடங்குகிறது.

எவ்வாறு? கணிதம் விடை கூறும். நம் நாட்டின் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அவ்வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் ஓடும். பள்ளித் திடலில் நாம் மூச்சிரைக்க ஓடும் 100 மீட்டரை அது மூன்றரை வினாடிக்குள் கடந்துவிடும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க இரண்டு வினாடி சென்றாலே, 60 மீட்டர் தூரம் கழிந்துவிடும். மிதித்த பின்பும் வண்டி உடனே நில்லாது. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டா!

இவ்வாபத்தினின்று மக்களைக் காக்கவே நெடுஞ்சாலை ரோந்துக் குழுவினர் உள்ளனர். தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நீளும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 772 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையில் 'பிளஸ்ரோண்டா' எனும் குழுவினர் இரவு பகலாகச் சுற்றி வருகின்றனர்.

இவர்கள் வந்தவுடன் செய்யும் முதற்பணி டயரை மாற்றுவதன்று. பின்னால் வருவோரை எச்சரிப்பதே. தங்கள் ஊர்தியைப் பழுதுற்ற வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, விளக்குகளை மின்னச் செய்கின்றனர். தேவையான இடங்களில் தொலைவிலிருந்தே கூம்புகளைச் சாய்வாக வரிசைப்படுத்தி, வாகனங்களை அடுத்த தடத்திற்குத் திருப்புகின்றனர். அதன் பின்னரே பழுதைக் கவனிக்கின்றனர். லோரியிலிருந்து விழுந்த பலகை, கிழிந்த டயர்த் துண்டு, சிந்திய எண்ணெய் ஆகியவற்றையும் அகற்றுகின்றனர். விபத்தில் எவரேனும் காயமுற்றால் மருத்துவ ஊர்தி, காவல் துறை, தீயணைப்பு மீட்புப் படை ஆகியவற்றிற்குத் தகவல் தருகின்றனர். பிறரைக் காக்கச் சென்ற இடத்தில் வாகனம் மோதி உயிர்நீத்த ரோந்துப் பணியாளர்களும் உண்டு. ஆகவே, அவர்கள் நிற்கும் இடத்தைக் கண்டால் வேகத்தைக் குறைத்து விலகிச் செல்வது நம் கடமை. வேடிக்கை பார்ப்பது தவறு. அதனால் மற்றொரு விபத்து நேரக்கூடும்.

அவர்கள் வந்து சேரும்வரை நம்மைக் காத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே. வண்டியை இயன்றவரை இடப்புறமாக ஒதுக்கி நிறுத்தி, அபாய விளக்கை எரியவிட வேண்டும். இடப்புறக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். பாதுகாப்பான இடமிருப்பின் இரும்புத் தடுப்புக்கு அப்பால் சென்று நிற்க வேண்டும். காருக்குள்ளும் காருக்குப் பின்னாலும் இருத்தல் கூடாது. பிறகு 1800-88-0000 என்ற எண்ணிற்கு அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தெனில் 999. மாணவர்களே, இங்கே உங்களுக்கும் ஒரு பணி உண்டு. சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையின் எண்ணையும், நீங்கள் வடக்கே செல்கிறீர்களா தெற்கே செல்கிறீர்களா என்பதையும் பெற்றோரிடம் கூறுங்கள். இவ்விரண்டும் தெரிந்தால் உதவி விரைந்து வரும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டால், பலர் மேம்பாலத்தின் கீழ் அவசரத் தடத்திலேயே ஒதுங்கி நிற்கின்றனர். மழைத்திரையில் வழி தெரியாது வரும் லோரிக்கு அவர்கள் புலப்படுவதில்லை. சற்றுத் தாமதமானாலும் ஓய்விடத்திலோ, மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென அமைந்த ஒதுங்குமிடத்திலோ தங்குங்கள். நனைந்த உடை காய்ந்துவிடும். போன உயிர் மீளாது.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். உதவி வரும்வரை பதறாமல் ஒதுங்கி நிற்போம். உதவ வருவோரைப் போற்றுவோம்!

பயிற்சி
1. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் எத்தனை மீட்டர் ஓடும்?
2. ரோந்துக் குழுவினர் முதலில் கூம்புகளை வைப்பது ஏன்?
3. உதவி கேட்கும்போது கூற வேண்டிய இரு தகவல்கள் யாவை?