பதினெட்டுப் பேர், ஒரு புத்தகம்

சடீரம் என்றொரு சொல் தமிழில் இல்லை. பதிப்பாசிரியர் என்று என் பெயர் போட்டு வந்த கதைத் தொகுப்பு ஒன்றில் மட்டும் அது நான்கு இடங்களில் இருந்தது.

நடந்தது இதுதான். தொகுப்பில் 18 எழுத்தாளர்கள். சென்னை, நெல்லை, யாழ்ப்பாணம், டொரண்டோ என்று நாலா பக்கமும் இருந்தார்கள். ஈழத்தில் ஆங்கில ‘டி’ ஒலிக்கு ரகர றகரம் போட்டு எழுதுவார்கள்: ரீச்சர், ரீவி, ரொறன்ரோ. பிழையல்ல, அவர்களுடைய எழுத்து மரபு. டி.டி.பி. பார்த்த பையனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவனிடம் சொல்லிவைக்கவில்லை. ‘ரீ’ வரும் இடத்திலெல்லாம் ‘டீ’ என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டான். ரீச்சர் டீச்சரானார். கூடவே கரீம் பாய் கடீம் பாய் ஆனார், ஸ்ரீதரன் ஸ்டீதரன் ஆனான். இந்த இருவரையும் கடைசி மெய்ப்பில் மீட்டுவிட்டோம். சரீரம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விட்டது.

சரீரம் வந்த கதையை எழுதிய அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போன் செய்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். “தம்பி, புத்தகம் வந்து சேந்தது. வடிவாத்தான் இருக்கு. என்ர கதையையும் வாசிச்சன். எங்கட ஊரைத்தான் அதில காணேல்லை” என்றார். எடுத்துப் பார்த்தேன். மெய்ப்புத் திருத்தியவர் ‘கதைச்சார்’ என்பதையெல்லாம் ‘பேசினார்’ ஆக்கியிருந்தார். ‘வளவு’ தோட்டமாகியிருந்தது. சடீரத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அச்சுப்பிழை, யாருக்கும் நேரும். வளவைத் தோட்டமாக்கியது அப்படியல்ல. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. அந்த யாரோவுக்கு நான் வழி சொல்லியிருக்கவில்லை.

பல பேர் சேர்ந்து எழுதும் நூலுக்கு ஆசிரியராக வருகிறவர் பாதி கணக்குப்பிள்ளை. மீதிப் பாதியில்தான் இலக்கியம். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் நான் பார்த்த கூட்டு நூல்களில் கருத்து வேறுபாட்டால் நின்றுபோனது ஒன்றுகூட இல்லை. தேதி, பணம், பெயர், எழுத்துக்கூட்டு இவற்றைப் பற்றி முதலிலேயே பேசாததால் மனக்கசப்பில் முடிந்தவை நிறைய.

முதல் கடிதம்

எழுத்தாளருக்கு அனுப்பும் முதல் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எத்தனை சொற்கள், எந்தத் தேதி, எந்த எழுத்துரு, சன்மானம் எவ்வளவு, எப்போது வரும், எத்தனை பிரதிகள், திருத்தத்தில் கடைசி முடிவு யாருடையது. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்று நீங்களும் சொல்லாதீர்கள், அவரையும் சொல்லவிடாதீர்கள்.

சொல் அளவை ஏன் வலியுறுத்த வேண்டும் என்றால், அச்சகம் பாரக் கணக்கில்தான் யோசிக்கும். ஒரு பாரம் 16 பக்கம். 18 பேரும் ஆளுக்கு ஒரே ஒரு பக்கம் கூடுதலாக எழுதினால் ஒரு பாரம் தாண்டி இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாகத் தாள், பிளேட், பைண்டிங் செலவு. பதிப்பாளர் விலையை ஏற்றுவார், அல்லது உங்கள் முன்னுரையைக் குறைக்கச் சொல்வார். இரண்டாவதுதான் வழக்கம்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான புத்தகங்கள் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்தே வருகின்றன. டிசம்பரில் அச்சகத்திலும் பைண்டரிடமும் கால் வைக்க இடமிருக்காது. நவம்பர் கடைசியில் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டுமென்றால் எழுத்தாளரிடம் ஜூலை என்று சொல்லுங்கள். ஆகஸ்டில் ஆறு பேர் தருவார்கள். செப்டம்பரில் பத்துப் பேர். மீதி இருவர் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் அக்டோபர் என்றொரு மாதம் படைக்கப்பட்டிருக்கிறது.

கதைத் தொகுப்பில் தாமதமான கதையைக் கடைசியில் சேர்த்துவிடலாம். அகரவரிசை நூலில் அதுவும் முடியாது. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 10 தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை வெளியானது. ‘அ’வில் தொடங்கும் கட்டுரை ‘அ’ அச்சாவதற்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் அதற்கு வீடே இல்லை. செல்பேசியும் மின்னஞ்சலும் இல்லாத காலத்தில், கல்லூரி கல்லூரியாக இருந்த பேராசிரியர்களிடமிருந்து கட்டுரை வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேரைத் துரத்த முடியாமல் நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்தப் பத்துத் தொகுதிகளை நினைத்துக்கொள்வேன்.

எழுத்துக்கூட்டுத் தாள்

சடீரத்துக்குப் பிறகு நான் ஒரு தாள் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். எந்தச் சொல்லை எப்படி எழுதப் போகிறோம், எதில் கை வைக்கக் கூடாது என்ற பட்டியல். லண்டனா, இலண்டனா? எண்ணை இலக்கத்திலா, எழுத்திலா? வட்டார வழக்கை உரையாடலில் மட்டும் விடுவதா, விவரிப்பிலுமா? ஒவ்வொரு முடிவும் ஒரு வரி. மெய்ப்புப் பார்ப்பவர், டி.டி.பி. செய்பவர், அட்டை வடிவமைப்பவர் எல்லோருக்கும் ஒரே தாள்.

பெரிய வேலைகளில் ஆளே மாறிவிடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேலை 1913இல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கியது. வையாபுரிப் பிள்ளை பொறுப்புக்கு வந்தது 1926இல். ஆறு தொகுதிகளும் முடிந்தது 1936இல், அனுபந்தம் 1939இல். அதன் முன்பக்கங்களில் உள்ள சுருக்கக் குறியீட்டுப் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர வேண்டுமென்றால், விட்டவருடைய விதிகள் காகிதத்தில் இருக்க வேண்டும். நீங்களும் பாதியில் வேறு வேலைக்குப் போகலாம்.

கணினி சார்ந்த தொல்லைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால், நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். மூலத்தின் பி.டி.எஃப். பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது ‘கௌ’. பலர் ஒற்றைக்கொம்பு, க, பிறகு ளகரம் என்று மூன்றாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். பெயரடைவு போட உட்காரும்போது பாதிக் கௌரிகளைக் காணவில்லை என்று தேடுவீர்கள். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானைப் பற்றி நான் இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

பெயரும் பணமும்

அட்டையில் பெயர் வரிசையை வயதால் தீர்மானித்தால் சண்டை, புகழால் தீர்மானித்தால் பெரிய சண்டை. அகரவரிசைதான் கதி. அதிலும் தலைப்பெழுத்தை வைத்தா பெயரை வைத்தா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒரு தொகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டதால் மூத்தவர் ஒருவர் ஒன்பதாவது இடத்துக்குப் போனார். வெளியீட்டு விழாவில் என்னைப் பார்க்காமலே எனக்கு வணக்கம் வைத்தார்.

உரிமையை எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ஐந்தாண்டு கழித்து மறுபதிப்பு போடும்போது 18 பேரையும் மறுபடி தேட வேண்டிவரும். சிலர் காலமாகியிருப்பார்கள், பதிப்புரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிப்பதால் அவர்களுடைய வாரிசுகளைத் தேட வேண்டும். ஒரு மறுபதிப்புக்காக நான் மதுரையில் மூன்று தெருக்களில் கதவு தட்டியிருக்கிறேன்.

உங்கள் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. பக்கக் கணக்கில் பேசாதீர்கள். ஒரே ஆள் எழுதிய 200 பக்கமும் 18 பேர் எழுதிய 200 பக்கமும் ஒன்றல்ல. பின்னதில் 18 தொலைபேசி உறவுகள், 18 மெய்ப்புகள், 18 மனங்கள். ஆள் கணக்கில் கேளுங்கள். இரண்டு மெய்ப்பு வரை இந்தத் தொகை, மூன்றாவதற்குத் தனி என்றும் சொல்லிவிடுங்கள். முதல் பதிப்பாளர் சிரித்தார். நான்காமவர் ஒப்புக்கொண்டார்.

மறுப்பதும் திருத்துவதும்

பெரியவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய கட்டுரை தேறவில்லை என்றால் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். நான் ஒருமுறை நாகரிகமாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன். அவர் அதை அச்செடுத்து, என் கடிதத்தில் இருந்த மூன்று சந்திப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் தபாலில் திருப்பி அனுப்பினார். வேறொன்றும் எழுதவில்லை. இன்றும் ஒற்று மிகும் இடம் பற்றிச் சந்தேகம் வந்தால் அவர் முகம்தான் வருகிறது.

திருத்தும்போது மாற்றாதீர்கள், கேளுங்கள். ஓரத்தில் குறிப்பு எழுதி, “இங்கே இப்படி இருக்கலாமா?” என்று கேட்டால் பத்தில் ஏழு முறை ஒப்புக்கொள்வார்கள். மற்ற மூன்று முறை பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். போனில் பேசி முடிவானதை அன்று மாலையே இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

நான்கு ஆண்டு கழித்து இன்னொரு தொகுப்புக்காக அந்த அம்மாவிடம் கதை கேட்டேன். தயங்கித்தான் கேட்டேன். “அதுக்கென்ன தம்பி, தாறன்” என்றார். பத்து நாளில் கதை வந்தது. நான் என் எழுத்துக்கூட்டுத் தாளை அனுப்புவதற்கு முன்பே அவர் தன்னுடையதை இணைத்திருந்தார். ‘கை வைக்கக் கூடாத சொற்கள்’ என்று தலைப்பு. வளவு, கதைச்சார், ரீச்சர், ஒழுங்கை, விறாந்தை என்று இருபத்து மூன்று சொற்கள். கதையில் இருந்தவை இருபத்து இரண்டுதான். கடைசிச் சொல் கதையில் எங்கும் வரவில்லை: சரீரம்.